அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக்

1

யாழினி மட்டையை வீசி எறிந்ததில் மைதானத்து வேலிக் கம்பி உள்பக்கம் வளைந்துவிட்டது. சாஃப்ட்பால் மட்டை, அலுமினியம். மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட் என்று நடுவர் சொன்னதும் எறிந்தாள். நல்லவேளை, யார் மண்டையிலும் படவில்லை. பட்டிருந்தால் இந்நேரம் நான் வக்கீல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் இதெல்லாம் பெரிய விவகாரம். திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். மாணவர் ஆலோசகர் என்று ஒரு பெண்மணி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில் பேசினாள். கடைசியில் கேட்டாள்: "உங்கள் மகள் எப்போதாவது வன்முறையை நேரில் பார்த்திருக்கிறாளா?"

"இல்லவே இல்லை" என்றேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் நான் படித்த பாடம் இது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எது கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, நெய்வேலி" என்றாள்.

ஆலோசகர் உடனே பேனாவை எடுத்தாள். "யார் இந்த நெய்வேலி? உறவுக்காரரா? உங்களோடுதான் வசிக்கிறாரா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அது ஆள் இல்லை தாயே, ஊர், பழுப்பு நிலக்கரி வெட்டுகிற ஊர், நான் பிறந்து வளர்ந்த ஊர் என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று விடாமல் கேட்டாள். விளையாடும்போது ஒருவருக்கு அடிபட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காரில் வரும்போது யாழினி ஜன்னல் பக்கம் திரும்பியபடி ஆங்கிலத்தில் சொன்னாள், தரையில் கிடந்த பற்களைத் தான் பார்த்ததாக. அவள் டிவியை மட்டும்தான் பார்த்தாள் என்று இத்தனை நாள் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, அதுவும் அவளுக்கு மனம் இருந்தால்.

ஆலோசகரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஸ்ட்ரைக் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2

யாழினிக்கு அப்போது எட்டு வயது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு உயிரை வாங்கிய கோடை அது. அக்கா கலா நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் மாடி வைத்து வீடு கட்டியிருந்தாள். அங்கே தங்குவதாகத்தான் ஏற்பாடு. கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டே நாளில் யாழினிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ரோட்டைத் தாண்டினால், நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற கம்பெனியின் டவுன்ஷிப். அங்கே லைட் கண் சிமிட்டக்கூட இல்லை. கரண்ட் தயாரிக்கிறவன் வீட்டில் கரண்ட் போகுமா? பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம்.

அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். தம்பி இளங்கோ அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட். இரண்டு பேரும் ஒரே கரித்தூளில் முகம் கறுத்துத்தான் வீடு திரும்புவார்கள். ஆனால் அவர் எம்ப்ளாயி, இவன் லேபர். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுவது அவன் வேலை. பத்துப் பன்னிரண்டு வருடமாக வாரிக்கொண்டிருந்தான். பெர்மனென்ட் ஆகிறவர்கள் வரிசையில் அவன் பெயர் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருந்தான். வேறு எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான்.

அவனுடைய காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தவர் அக்காவின் புருஷன் தங்கராசு மாமா. இளங்கோவுக்கு வேலை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். அதை ஒரு நாள் விடாமல் சொல்லிக்காட்டுகிற புண்ணியவானும் அவர்தான்.

அந்த மாதம் காண்ட்ராக்ட் ஆட்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். இளங்கோவும் போய் நின்றான். காண்ட்ராக்டரின் ஆட்கள் இரும்பு பைப்போடு கேட்டில் இறங்கி வெளுத்துவிட்டார்கள். நான் வந்த அன்று அவன் சட்டையைக் கழற்றினான், முதுகில் பட்டை பட்டையாகக் கன்றியிருந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே திட்டினாள். யார் யார் ஸ்ட்ரைக்குக்கு வந்தது என்று பெயர் சொல்லிக்கொடுத்தது தங்கராசு மாமா. பெண்டாட்டியின் தம்பி என்றும் பார்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை இளங்கோவின் பெயர் மேலிடத்துக்குப் புகாராகப் போயிருந்தது. மூன்றாம் தடவை போனாலும் சரி, போலீஸ் கேஸ் என்று ஏதாவது வந்தாலும் சரி, கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். பாஸ் போனால் பெர்மனென்ட் கனவு அதோடு முடிந்தது.

இளங்கோ மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அக்கா வந்தால் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

3

அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கு ஊரில் பொழுது போகாதே என்று இங்கே எல்லாத் தாய்மாரும் அடிக்கிற கூத்தை நானும் அடித்தேன். டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டியைப் புடவைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன். சென்னை கஸ்டம்ஸில் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னம்மா, பிரஷர் பாக்குற மிஷினா?" என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் என்று சொல்லி வெளியே வருவதற்குள் யாழினி பெட்டி மேலேயே தூங்கிவிட்டாள்.

கையில் ரிமோட் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டை. டிவி முன்னால் நின்று அதை வீசினால், திரையில் நிற்கும் பொம்மை மட்டையை வீசும். நாம் எப்படி வீசுகிறோமோ அப்படியே அதுவும் வீசும். பேஸ்பால் ஆட்டம், மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். நம் ஊர்க் கண்ணுக்கு அது கிறுக்குப் பிடித்த கிரிக்கெட்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா கறிக்குழம்பு வைத்து, மாப்பிள்ளையையும் அக்காவையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். சாப்பாடு முடியும்வரை இளங்கோவும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கொரு கட்டையைக் கையில் கொடுத்து டிவி முன்னால் நிறுத்தினேன்.

"எனக்கு வேணாம்" என்றான் இளங்கோ.

"டேய், மாப்ள வந்திருக்காரு. மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்காம எழுந்து ஆடு" என்று அடுப்படியிலிருந்து அம்மா அதட்டினாள்.

மாமா பந்து போடுகிறவர், இளங்கோ அடிக்கிறவன், யாழினி வாத்தியார். அவளுக்கு மாமா என்றால் இளங்கோதான், தங்கராசு மாமா பெரியப்பா. மாமா இளங்கோவுக்கு இடப் பக்கம், ஓர் எட்டு முன்னால் நின்றார். இளங்கோ டவுன்ஷிப் மைதானத்தில் கிரிக்கெட் ஆடியே வளர்ந்தவன். கட்டையைத் தரையைப் பார்க்கப் பிடித்து, குனிந்து, இரண்டு தட்டுத் தட்டி நின்றான். பந்து வந்தது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்து என்று நினைத்து, கையை உயர்த்தி அழகாக விட்டுவிட்டான்.

டிவி கத்தியது. "ஸ்ட்ரைக்!"

"நான்தான் அடிக்கவே இல்லியே பாப்பா?"

"அடிக்காட்டியும் ஸ்ட்ரைக்தான் மாமா. சும்மா நின்னா ஸ்ட்ரைக்."

தங்கராசு மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுகினியா மாப்ள? அமெரிக்காக்காரனே சொல்றான் பாரு. வேல செய்யாம சும்மா நின்னா அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்கு!"

அடுப்படியில் அம்மாகூடச் சிரித்தாள். இளங்கோ சிரிக்கவில்லை. யாழினி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் கட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிவைத்தாள். இப்படிப் பிடிக்கணும் மாமா, இப்படிச் சுத்தணும் என்று காட்டினாள். அடுத்த பந்துக்குச் சுற்றினான், தாமதமாக. மறுபடி டிவி கத்தியது.

"ரெண்டு!" மாமா இரண்டு விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். "இன்னும் ஒண்ணுதாண்டி மவனே. அப்பறம் பாஸப் புடுங்கிகினு வூட்டுக்கு அனுப்பிடுவேன். வூட்ல குந்திகினு அமெரிக்கா அக்கா அனுப்புற சாக்லேட்டத் தின்னு."

அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "வெளாட்டுலகூடவா அவன வுட மாட்டீங்க? பந்தப் போடுங்க, பாவம்."

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறங்கையால் அவள் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். "பேசிகினு இருக்கன்ல? குறுக்க என்னா?"

அடி ஒன்றும் பெரியதில்லை. என்னை உறைய வைத்தது வேறு. அவர் கை கிளம்புவதற்கு முன்பே அக்காவின் தோள் உயர்ந்து, முகம் உள்ளே போய்விட்டது. கையிலிருந்த சொம்பிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. அடி வாங்கிப் பழகினால்தான் அப்படி வரும். என் கூடப்பிறந்தவள், வாரம் தவறாமல் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறவள், எனக்கு இது தெரியாது.

மாமா டிவியைப் பார்த்துத் திரும்பிப் பந்தைப் போட்டுவிட்டு, இளங்கோ பக்கம் முகத்தைத் திருப்பினார்.

4

இளங்கோ சுற்றினான். யாழினி சொல்லிக்கொடுத்தபடியே, தோளுக்கு மேலிருந்து, இடுப்பைத் திருப்பி, முழு வீச்சாக. வருடக்கணக்காகக் கரி வாரிய கை அது. கட்டையும் முஷ்டியும் சேர்ந்து மாமாவின் வாயில் போய் இறங்கின. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

டிவியில் பந்து வானத்துக்குப் பறந்தது. ஹோம் ரன், நம் ஊர் சிக்ஸர் மாதிரி. வாணவேடிக்கை வெடித்தது, ஆயிரம் பொம்மைகள் எழுந்து நின்று கை தட்டின. யாழினி சோபா மேல் ஏறிக் குதித்தாள். "அடிச்சிட்டாரு! மாமா அடிச்சிட்டாரு!"

சிவப்பு சிமென்ட் தரையில் ரத்தம் முதலில் தெரியவில்லை. பற்கள்தான் தெரிந்தன, வெள்ளையாக. மாமா வாயைப் பொத்திய கையோடு நிமிர்ந்தார். அடுத்த நொடி இளங்கோவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். காலண்டர் விழுந்தது. கன்றிய முதுகு சுவரில் மோதியதும் இளங்கோ வலியில் ஊளையிட்டான். பிறகு அடித்தான். கட்டையால் காதில், தாடையில், மறுபடி தாடையில். அவன் ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் திரையில் இருந்த பொம்மை, எதிரே பந்து இல்லாமலே, மட்டையை வீசிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நடுவில் விழுந்து இழுத்தேன். யாருடைய முழங்கையோ என் நெஞ்சில் இடித்து மூச்சை அடைத்தது. மாமா அவன் விரலைக் கடித்தார், இருக்கிற பற்களால். இருவரும் தரையில் உருண்டு டிவி ஸ்டாண்டை உதைத்தார்கள்.

"கொன்னுடாதடா! டேய்! உங்கக்கா கழுத்துல தாலி இருக்குடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

அக்கா அலறவில்லை. சொம்பை மேசை மேல் வைத்தாள். குனிந்து இளங்கோவின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டையைப் பிடுங்கினாள்.

"போதும்டா" என்றாள்.

அவன் அடங்கினான். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கோபம் போய், என்ன செய்துவிட்டோம் என்பது மெல்ல மெல்ல அங்கே ஏறிக்கொண்டிருந்தது. கேஸ். பாஸ். பத்துப் பன்னிரண்டு வருடம். அவன் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது.

5

ஆட்டோ பிடித்து மந்தாரக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் காதைக் கிழித்தது. மாமா துண்டால் வாயை அழுத்தியபடி பெஞ்சில் சாய்ந்தார். அவரைத் தாங்கிப் பிடித்து வந்ததில் அக்காவின் புடவையெல்லாம் ரத்தம்.

வயதான நர்ஸ் ஒருத்தி பஞ்சோடு வந்தாள். நேராக அக்காவிடம் போய் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "இந்தத் தடவ எங்கம்மா வழுக்கி வுழுந்த?"

"எனக்கு இல்ல சிஸ்டர். அவருக்கு" என்றாள் அக்கா.

நர்ஸ் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், அவர் பக்கம் நகர்ந்தாள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. போன தீபாவளிக்குக் கட்டுப் போட்ட கையோடு கம்ப்யூட்டர் திரையில் வந்து, பாத்ரூமில் வழுக்கிவிட்டதாக அக்கா சிரித்தாளே, பார்த்து நடக்கக் கூடாதா என்று நான் அவளையே திட்டினேனே! அந்தப் பெஞ்சில் கிடந்த ஆளை என் கையால் இன்னும் நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

தாடை எலும்பு விரிசல் விட்டிருப்பதால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓர் ஏட்டு வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"எப்படி ஆச்சு?"

இளங்கோவை முந்திக்கொண்டு நான் சொன்னேன். "பேஸ்பால் ஆடும்போது பட்டுடுச்சு சார்."

"எந்த கிரவுண்டுல?"

"கிரவுண்டு இல்ல சார். வீட்டு ஹால்ல."

"ஹால்லயா? பந்து எங்க?"

"பந்து கிடையாது சார்."

"மட்டை?"

"மட்டையும் கிடையாது."

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். "ஏம்மா, காலைலேந்து வெயில்ல நின்னுட்டு வரேன். பந்து இல்ல, மட்டை இல்ல, கிரவுண்டு இல்ல. அப்ப பல்லு மட்டும் எப்படிம்மா போச்சு?" அவர் கண் யாழினி மேல் விழுந்தது. குரலை இறக்கினார். "பாப்பா, நீ பயப்படாம சொல்லு. என்ன நடந்துச்சு?"

"மாமா அடிச்சாரு" என்றாள் யாழினி.

ஏட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஃபர்ஸ்ட் டைம் அடிச்சாரு. சூப்பரா அடிச்சாரு."

எதை அடித்தார், யாரை அடித்தார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம் நம் மொழியில். அவள் சொன்னது ஹோம் ரன்னை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பந்து என்று சொல்லியிருப்பாள். அத்தனை வருடம் தமிழில் பேசு, தமிழில் பேசு என்று நான் அவள் உயிரை எடுத்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

"பந்தச் சொல்றா சார்" என்றேன்.

"எந்தப் பந்தும்மா? இல்லன்னு சொன்னீங்களே, அந்தப் பந்தா?"

மாமா துண்டை எடுத்தார். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக இறங்கின. விரலை இளங்கோ பக்கம் நீட்டினார். "வேணும்னே... அடிச்சான். கேசு... போடுங்க."

இளங்கோ சுவரோரம் நின்றிருந்தான். காய்ந்த ரத்தத்தோடு கை தொங்கியது. "ஆமா சார். நான்..." என்று ஆரம்பித்தான். அக்கா எட்டி அவன் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே ஏட்டிடம் பேசினாள்.

"அவரு பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு சார். அத எழுதிக்கங்க."

"ஆளுக்கு ஒரு கதை சொல்றீங்களா?"

"நான் கைய ஒடச்சிகினு வந்தப்ப இதே கதையத்தான் சார் சொன்னோம். காது கிழிஞ்சி வந்தப்பவும் இதான். அவருதான் பக்கத்துல நின்னுகினு சொன்னாரு. தோ, சிஸ்டர் நிக்கிறாங்க, கேளுங்க. பந்து எங்க, மட்டை எங்கன்னு ஒருத்தரும் என்னக் கேக்கல. சொன்னாரு, நம்பிட்டாங்க. இன்னிக்கி நான் சொல்றேன்."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல, நடந்தத நடந்தாப்பலதான் எழுதணும்னா எழுதிக்கலாம் சார். நானும் சொல்றேன். கல்யாணம் ஆன வருசத்துலேந்து ஆரம்பிக்கலாம். எனக்கு ஒண்ணுவுடாம ஞாபகம் இருக்கு. ரெண்டுல எத எழுதணும்னு அவரே சொல்லட்டும்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அதுவரை அவருடைய தோளைப் பார்த்துத்தான் அவள் பேசி நான் கண்டிருக்கிறேன். இப்போது கண்ணைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. உங்களுக்கு என்னா ஆச்சு?"

மாமா ஏட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தம்பியின் பிழைப்பு முழுக்க அந்த உடைந்த வாயில் இருந்தது. அவர் துண்டை வாயில் வைத்தார், எடுத்தார், தரையைப் பார்த்தார்.

"வ... வுக்கி..." முன்பல் இல்லாமல் எழுத்து நிற்கவில்லை. "வுக்கி வுந்துட்டேன்."

ஏட்டு பேனா மூடியைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் புருஷனிடம். "சாருக்குக் கேக்கல."